கேட்டால் மட்டும் பேச வேண்டியவர்கள்

லிங்கராஜபுரம்
9 ஏப்ரல் 2025

குன்றுவழி இளையோர் குழுக்களின் ஆலோசகர் பயிற்சியாளர் திரு. கில்பர்ட் அவர்களுக்கு,

வணக்கம். தாங்கள் சுகமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நானும் கணவர் டிரேவரும் மகள் பவுலினும் சுகம்.

'அண்ணா' என்று ஆரம்பிக்காததற்குக் காரணம் உண்டு. மேல்முறையீட்டைக் கையால் எழுதித் தபாலில்தான் அனுப்ப வேண்டும் என்பது உங்கள் விதி. அலுவலகக் கடிதத்தில் அண்ணன் தங்கை கிடையாது. உங்கள் நம்பரை நான் போனில் பிளாக் செய்துவிட்டேன் என்பது வேறு விஷயம்.

போன சனிக்கிழமை, மாகடி ரோட்டுக் குன்றில் ஆலோசகர் ஆவதற்காக நடந்த சோதனை நடையில் என்னை ஃபெயில் செய்திருக்கிறீர்கள். காரணம் என்ற இடத்தில் ஒரே ஒரு வார்த்தை: 'மறைத்தார்.' நடந்தது இதுதான். பதினான்கிலிருந்து பத்தொன்பது வயது வரையிலான பதினோரு பிள்ளைகள் வழி, சாப்பாடு, நேரம் எல்லாவற்றையும் அவர்களே முடிவு செய்தார்கள். பெரியவர்களான நாங்கள் நான்கு பேர் பின்னால் நடந்தோம். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் போதும் என்று பிள்ளைகள் தீர்மானித்தார்கள். ஏப்ரல் வெயிலில்! நான் ஸ்கூலில் கெமிஸ்ட்ரி லேப் பார்க்கிறவள், எதற்கும் இரண்டாவது பாட்டில் வைத்துப் பழகியவள். ஆறு பாட்டில் அதிகமாகக் கொண்டுபோனேன். அதை வனக்காவலர் கோவிந்தப்பாவிடம் கொடுத்து, அவரே கொடுப்பதுபோல் பிள்ளைகளுக்குக் கொடுக்கச் சொன்னேன். அவ்வளவுதான். குடித்தவர்கள் யாரும் சாகவில்லை.

டிசம்பரில் நான்கு நாள் முகாம். பெண் ஆலோசகர் ஒருவர் இல்லாமல் பவுலினின் குழு போக முடியாது. பவுலின்தான் குழுத் தலைவி. காலேஜுக்குப் போகும் முன் அவளுக்கு இதுதான் கடைசி முகாம். அவளோடு சேர்த்து ஏழு பெண் பிள்ளைகள் காத்திருக்கிறார்கள். மறுபரிசீலனை செய்யவும்.

இப்படிக்கு,
குளோரியா டிரேவர்


மல்லேஸ்வரம்
17 ஏப்ரல் 2025

குளோரியா,

நான் சுகம். டிரேவரையும் பவுலினையும் கேட்டதாகச் சொல். இன்று பெரிய வியாழன், கோபப்படாமல் எழுதப் பார்க்கிறேன்.

நீ தண்ணீர் கொடுத்ததற்காக ஃபெயில் ஆகவில்லை. பொய் சொன்னதற்காக ஃபெயில் ஆனாய். ஆலோசகருக்கு இருப்பது இரண்டே வேலை. பிள்ளைகள் தப்பாக முடிவெடுப்பதுபோல் தெரிந்தால் ஒரு கேள்வி கேட்கலாம். உயிருக்கு ஆபத்து என்றால் விசில் ஊதி எல்லாவற்றையும் தன் கையில் எடுத்துக்கொள்ளலாம். இது இரண்டும் இல்லாத நேரத்தில் வாயை மூடிக்கொண்டு பின்னால் நடக்க வேண்டும். கீழேயே நீ "ஒரு லிட்டர் போதுமாப்பா?" என்று கேட்டிருந்தால் உன்னைக் கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன். நீ கேட்கவில்லை. குன்றில் காவலர் தண்ணீர் வைத்திருப்பார் என்று அந்தப் பதினோரு பேரும் இப்போது நம்புகிறார்கள். அடுத்த குன்றில் கோவிந்தப்பா இருக்க மாட்டார். காலி பாட்டில்களில் உன் ஸ்கூல் பெயர் ஒட்டியிருந்ததையாவது கிழித்திருக்கலாம்.

இன்னொன்றும் சொல்கிறேன். அன்றைக்கு முழுவதும் நீ ஒரே ஒரு தொப்பியைத்தான் பார்த்துக்கொண்டு நடந்தாய். பதினோரு பிள்ளைகளுக்கு ஆலோசகர் வேண்டும். பவுலினுக்குக் காவல்காரி வேண்டாம்.

முடிவில் மாற்றமில்லை. ஈஸ்டர் வாழ்த்து.

கில்பர்ட்


லிங்கராஜபுரம்
22 ஏப்ரல் 2025

கில்பர்ட் அண்ணா,

உடம்பு எப்படி என்று கேட்பது மரியாதை. கேட்டுவிட்டேன். எங்களுக்கு ஒன்றுமில்லை.

ஆமாம், ஒரு தொப்பியைத்தான் பார்த்தேன். என் பிள்ளை, நான் பார்த்தேன். உனக்கு அது புரியாது. ஐம்பத்தேழு வயது வரை தனியாக இருந்துகொண்டு, ஊரார் பெற்ற பிள்ளைகளை எப்படி விட்டுப்பிடிப்பது என்று ஊராருக்கே கிளாஸ் எடுக்கிறவன் நீ.

அப்பாவுக்கு சுகர் ஏறி இறங்கிய ஆறு வருஷமும் நீ எந்த மலையில் இருந்தாய்? அவர் சட்டை நனைய வேர்த்து, என்னையே யாரென்று தெரியாமல் உளறும்போது நாக்கில் சர்க்கரையைத் தடவினது நான். பவுலின் அப்போது சின்னப் பிள்ளை, பக்கத்தில் நின்று டப்பாவைப் பிடித்துக்கொண்டிருப்பாள். "அப்பா, உங்களுக்குச் சர்க்கரை வேணுமா, யோசிச்சுச் சொல்லுங்க" என்று நான் கேள்வி கேட்டுக்கொண்டு உட்காரவில்லை. உட்கார்ந்திருந்தால் அவர் ஆறு வருஷம் இருந்திருக்க மாட்டார்.

மறுபடி ஒரு சோதனை நடை வை. உன் விதியை எழுத்துக்கு எழுத்து செய்து காட்டுகிறேன். அதன்பிறகு என்ன காரணம் எழுதுகிறாய் என்று பார்க்கிறேன்.

குளோரியா


மல்லேஸ்வரம்
30 ஜூன் 2025

குளோரியா,

பதில் எழுத இரண்டு மாதமாகிவிட்டது. வேலை அதிகம். நான் சுகம்.

அடுத்த சோதனை நடை ஆகஸ்ட் 30, சனிக்கிழமை, அதே குன்று. லிங்கராஜபுரம் பிள்ளைகள்தான் நடத்துகிறார்கள். மல்லேஸ்வரம் குழுவுக்கு ஆலோசகராகச் சேரும் ராஜலக்ஷ்மியும் உன்னோடு சோதனைக்கு வருகிறார். நான் பின்னால் வந்து மார்க் போடுவேன். வர விருப்பம் இருந்தால் எழுது.

அப்பாவைப் பற்றி நீ எழுதியதற்கு நான் பதில் எழுதப்போவதில்லை.

கில்பர்ட்


லிங்கராஜபுரம்
7 ஜூலை 2025

கில்பர்ட் அண்ணா,

வருகிறேன். வராமல் இருப்பேன் என்று நினைத்தாயா?

இங்கே மழை, டிரேவருக்கு ஜலதோஷம். அவர் உன்னை சம்பிகே ரோட்டில் பார்த்தாராம். "உங்கண்ணன் என்ன இப்படி பாதியாயிட்டாரு, சட்டை ஹேங்கர்ல மாட்டின மாதிரி தொங்குது" என்றார். நீ அவரைப் பார்த்தும் பார்க்காததுபோல் பூக்கடைப் பக்கம் திரும்பிக்கொண்டாயாம். அவர் மேல் உனக்கு என்ன கோபம்? சண்டை என்னோடுதானே.

உன் உடம்புக்கு என்ன? இது மரியாதைக்குக் கேட்பதில்லை.

குளோரியா


மல்லேஸ்வரம்
21 ஜூலை 2025

குளோரியா,

என் உடம்புக்கு ஒன்றுமில்லை. கேழ்வரகு சாப்பிடுகிறேன், நடக்கிறேன், இளைத்துவிட்டேன். டிரேவரை அவர் மூக்கைப் பார்த்துக்கொள்ளச் சொல்.

நடைக்கு வருகிறவர்கள் எல்லோரும், பெரியவர்கள் உட்பட, தங்களுக்கு இருக்கும் வியாதியையும் சாப்பிடும் மருந்தையும் சீட்டில் எழுதி முந்தின நாளே குழுத் தலைவியிடம் கொடுக்க வேண்டும். நீ போன தடவை 'எனக்கு என்ன கேடு' என்று எழுதிக் கொடுத்தாய். பவுலின் சிரித்துவிட்டு வாங்கிக்கொண்டாள். இந்தத் தடவை ஒழுங்காக எழுது. அதற்கும் மார்க் உண்டு.

கில்பர்ட்


லிங்கராஜபுரம்
4 செப்டம்பர் 2025

கில்பர்ட் அண்ணா,

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டாய் என்று ராஜலக்ஷ்மி போன் செய்தார். எப்படி இருக்கிறாய் என்று நான் கேட்கப்போவதில்லை. கேட்டால் 'நான் சுகம்' என்று எழுதுவாய்.

உனக்கு எதுவும் ஞாபகமில்லையாம், அதனால் நானே சொல்கிறேன். பதினொன்றே கால் மணி. மூடாப்புப் போட்ட வானம், குளிர்ந்த காற்று. பாறைக்கு மேலே நீ நின்று எதற்கோ பவுலினைக் கன்னாபின்னாவென்று திட்டினாய். ஒன்பது வருஷத்தில் ஒரு பிள்ளையையும் திட்டாதவன். அப்புறம் அப்படியே மடங்கி உட்கார்ந்தாய். முதுகு நனைந்திருந்தது. கை நடுங்கியது.

பவுலின் உன் சீட்டை எடுத்துப் பார்த்தாள். வியாதி என்ற இடத்தில் 'இல்லை', மருந்து என்ற இடத்தில் 'இல்லை'. சீட்டில் இருந்ததைப் பிள்ளைகள் நம்பினார்கள். "வெயில் அடிச்சிருக்கு மாமாக்கு, நெழல்ல படுக்க வைங்க" என்று ஒரு பையன் சொல்ல, உன்னைத் தூக்கிப்போய்ப் பாறை ஓரம் கிடத்தித் தலையில் தண்ணீர் ஊற்றினார்கள். நீ முனகிக்கொண்டிருந்தாய், அப்புறம் அதுவும் நின்றது.

நான் என் இடத்தில்தான் இருந்தேன். கத்தவில்லை, ஓடவில்லை, யாரையும் தள்ளவில்லை. நான்கு நிமிஷம் கழித்து ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "வெயிலே இல்லாத நாள்ல வெயில் எப்படிப்பா அடிக்கும்?" அவ்வளவுதான். பவுலின் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அடுத்த நொடி உன் பையைத் தலைகீழாகக் கொட்டினாள். இன்சுலின் ஊசி விழுந்தது. முதலுதவிப் பெட்டியில் இருந்த குளுக்கோஸைக் கரைத்து உதட்டில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டார்கள். இரண்டு பேர் கீழே ஓடிப்போய் கோவிந்தப்பாவின் ஜீப்பைக் கூப்பிட்டார்கள். ஸ்ட்ரெச்சர் கட்டியது, தூக்கியது எல்லாம் அவர்களே. நீ கண்ணைத் திறந்தபோது பவுலின் உன் நாடியை எண்ணிக்கொண்டிருந்தாள்.

ஆறு பாட்டில் தண்ணீரை மறைத்ததற்கு என்னை ஃபெயில் செய்தாய். நீ மறைத்தது என்ன? பதினோரு பிள்ளைகள் கையில் ஒரு பொய்ச் சீட்டைக் கொடுத்து மலை ஏறினாய். வெட்கமாக இல்லையா? இப்போது எனக்கு மார்க் போடு.

குளோரியா


மல்லேஸ்வரம்
15 செப்டம்பர் 2025

குளோரியா,

வெட்கமாகத்தான் இருக்கிறது.

மே மாதம் ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். சுகர் ஐந்நூற்றுச் சொச்சம். அன்றிலிருந்து ஊசி. உன் கடிதம் தலையணைக்குப் பக்கத்தில்தான் இருந்தது, பதில் எழுதக் கை வரவில்லை. ஆறு வருஷம் அப்பாவைத் திரும்பிப் பார்க்காதவனுக்கு அதே வியாதி வந்தது என்று தெரிந்தால் நீ சிரிப்பாய் என்று நினைத்தேன். சீட்டில் எழுதினால் பிள்ளைகள் என்னை மலைக்கு விட மாட்டார்கள் என்றும் நினைத்தேன். எனக்கு வேறு என்ன இருக்கிறது? அன்று காலை ஊசி போட்டுக்கொண்டு, எல்லோருக்கும் முன்னால் போய் நிற்க வேண்டுமென்று சாப்பிடாமல் கிளம்பினேன்.

நீ பாஸ். பத்துக்கு ஒன்பது. கேள்வியை இன்னும் சீக்கிரம் கேட்டிருக்கலாம் என்று ஒரு மார்க் குறைத்திருக்கிறேன்.

என்னைப் பற்றி நானே இளையோர் மன்றத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். மூன்று குழுக்களிலிருந்தும் பிள்ளைகள் தேர்ந்தெடுத்த ஒன்பது பேர் உட்கார்ந்து முடிவெடுப்பார்கள். முகாமுக்கு எந்த ஆலோசகரை அழைத்துப்போவது என்பதையும் அன்றே தீர்மானிப்பார்கள். நவம்பர் 1.

கில்பர்ட்


லிங்கராஜபுரம்
20 செப்டம்பர் 2025

கில்பர்ட் அண்ணா,

நான் சிரிக்கவில்லை. சிரிப்பேன் என்று நீ நினைத்ததற்காகவே உன்னை மன்னிக்க முடியவில்லை. ஒன்பது நாள் தனியாகக் கிடந்தாயாம். கஞ்சி வைத்துக் கொடுக்க எனக்குக் கை இல்லையா? அத்தனை கேவலமானவளா நான்?

மன்றத்துக்கு நானும் ஒரு கடிதம் எழுதிவிட்டேன். உன்னை எந்தக் குன்றிலும் ஏற விடக்கூடாது என்று எழுதியிருக்கிறேன். வேளாவேளைக்குச் சாப்பிடு.

முகாமுக்கு வேண்டிய ஜெர்கின் வாங்கிவிட்டேன்.

குளோரியா


மல்லேஸ்வரம்
3 நவம்பர் 2025

குளோரியா,

சாப்பிடுகிறேன். சுகர் கட்டுக்குள் வந்துகொண்டிருக்கிறது. பவுலின் உன்னிடம் சொல்லவில்லை என்றாள். அதனால் இதை நான் எழுத வேண்டியிருக்கிறது.

என் விஷயம் ஐந்து நிமிஷத்தில் முடிந்தது. ஒரு வருஷத்துக்கு நான் மலை ஏறக்கூடாது, வகுப்பு மட்டும் எடுக்கலாம். உன் ஆசை நிறைவேறியது.

அடுத்து உன் பெயர் வந்தது. என் மார்க் ஷீட்டைப் படித்தார்கள். நல்லது என்று ஒருவன் சொல்லி முடிக்கும் முன் பவுலின் எழுந்தாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"எங்க தாத்தாக்கும் சுகர். இதே மாதிரி வேர்க்கும், இதே மாதிரி திட்டுவாரு. எங்கம்மா ஒரு செகண்ட்ல கண்டுபிடிச்சுடுவாங்க. அன்னைக்கும் அம்மாக்கு மொதல் நிமிஷமே தெரியும். நான் அவங்க மூஞ்சியப் பாத்தேன். விசில் கையிலயே இருந்துச்சு. ஊதல. பாஸ் ஆகணும்னு வெயிட் பண்ணாங்க. அவங்கள நம்பி நான் யாரையும் கூட்டிட்டுப் போக மாட்டேன்."

மன்றத்தில் பெரியவர்களாகிய நாங்கள், பிள்ளைகள் கேட்டால் மட்டும்தான் பேச வேண்டும். ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாகக் கேட்காமல் வாயைத் திறந்தேன். நான் கற்றுக்கொடுத்ததைத்தான் குளோரியா செய்தாள், அவளை வாயடைக்க வைத்தது என் பயிற்சி என்றேன். பவுலின் என்னைப் பார்த்து, "மாமா, உங்களை யாரும் கேக்கல. உக்காருங்க" என்றாள். உட்கார்ந்துவிட்டேன்.

வேண்டாம் என்று ஏழு கைகள். உன்னை எடுக்கவில்லை. ராஜலக்ஷ்மி போகிறார், முகாம் நிற்காது. நான் பேசியது உன் மேல் பாசத்தினால் என்று நினைத்துக்கொள்ளாதே. பாறை ஓரத்தில் கிடந்தவன் நான். தவறு முழுக்க உன்னுடையது என்றால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அவள் சொன்னது உண்மையா?

கில்பர்ட்


லிங்கராஜபுரம்
11 டிசம்பர் 2025

அண்ணா,

உன் கேள்விக்கு ஒரு மாதத்துக்கு மேலாகப் பதில் எழுதவில்லை. இன்று முகாமின் இரண்டாவது நாள். போனை எல்லாம் அணைத்துவிட்டுத்தான் போயிருக்கிறார்கள். வீடு வெறிச்சென்று கிடக்கிறது.

உண்மைதான். நீ பவுலினைத் திட்ட ஆரம்பித்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. அப்பாவேதான். விசிலை உதடு வரை கொண்டுபோனேன். ஊதினால் அது வெறும் மயக்கமாக இருந்துவிட்டால் என்ன செய்வது, இந்தத் தடவை 'பொறுக்க மாட்டாள்' என்று எழுதுவான், மறுபடி ஃபெயில், மறுபடி அவளோடு போக முடியாது. இப்படியெல்லாம் ஓடியது. நீ முனகுவதை நிறுத்தியபோதுதான் பயந்து கேட்டேன். அப்போதும் சர்க்கரை என்று சொல்லாமல் கேள்வியாகக் கேட்டேன் பார், அதை நினைத்தால் சோறு இறங்கவில்லை. கூடப் பிறந்தவன் செத்துக்கொண்டிருக்கும்போது மார்க்கை நினைத்தவள் நான். அந்த விதியைக் கொண்டுவந்த உன்னையும் இன்னும் வெறுக்கிறேன். இரண்டும் ஒன்றாகத்தான் இருக்கிறது.

ஒரு மாதமாக வீட்டில் பவுலின் 'ம்', 'சரிம்மா' என்பதற்கு மேல் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. நேற்று விடிகாலை பையைத் தூக்கிக்கொண்டு, "வரேம்மா" என்றாள். கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள்.

ஏழு கைகள் என்று எழுதினாய். அதில் ஒன்று அவளுடையது என்று தெரியும். அவள் கை முதலில் எழுந்ததா, மற்றவர்கள் தூக்கிய பிறகா? இதை அவளிடம் என்னால் கேட்க முடியாது. டிரேவர் வேலைக்குப் போகிற வழியில் இதைக் கொண்டுவந்து தருவார். பதிலை அவரிடமே கொடு.

குளோரியா


மல்லேஸ்வரம்
12 டிசம்பர் 2025

குளோரியா,

டிரேவர் வாசலிலேயே நிற்கிறார், உள்ளே வர மாட்டேன் என்கிறார். காலையில் சுகர் நூற்று முப்பது. இட்லி சாப்பிட்டுவிட்டேன்.

அந்த நான்கு நிமிஷத்தை மன்னித்துவிட்டேன் என்று எழுத வேண்டுமென்று பேனாவை எடுத்தேன். வரவில்லை. என்றைக்காவது வந்தால் எழுதுகிறேன்.

நீ கேட்டதற்குப் பதில். பவுலின்தான் முதலில் கை தூக்கினாள். அவள் தூக்கிய பிறகுதான் மற்றவர்கள் தூக்கினார்கள். எண்ண வேண்டிய பெண் தடுமாறி இரண்டு தடவை எண்ணினாள். அது முடியும் வரை பவுலின் கையை இறக்கவில்லை. தேம்பித் தேம்பி அழுதுகொண்டே கையைத் தூக்கி வைத்திருந்தாள்.

நாளை மாலை ஐந்து மணிக்கு வண்டி உங்கள் சர்ச் வாசலுக்கு வரும். நீ போய் நில். நான் வரவில்லை.

கில்பர்ட்